ஏழாவது மாடியின் முறை

கோமளா பூண்டுத்தோலைக் கொட்டுவதற்காகக் கதவைத் திறந்தபோது ஒரு கோழி உள்ளே வந்தது. ஏழாவது மாடி வீட்டுக்குக் காக்கா வரும், புறா வரும், நூலறுந்த பட்டம்கூட வரும், கோழி வராது. வந்த கோழி தலையைச் சாய்த்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூட்டையிலிருந்து சிதறிக் கிடந்த பூண்டுப் பல்லை ஒரு கொத்து கொத்திப் பிடிக்காமல் உதறிவிட்டு, சொந்த வீட்டுக்கு வந்தது போல நேராகப் போய், அவள் புருஷன் டில்லிபாபு படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. கதவுக்கு வெளியே, படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஈர மண் இருந்தது; மண்ணைத் தாண்டிக் கைப்பம்பு இருந்தது.

"யோவ், எழுந்திரு. நம்ம முறை வந்துடுச்சு."

டில்லிபாபு கண்ணைத் திறக்காமலே மூக்கால் மூச்சை இழுத்தான். "மண்ணு வாசன வருது கோமு" என்றான். அப்புறம் அழ ஆரம்பித்தவன், அவள் இரண்டு டீ போட்டு ஆற்றும்வரை நிறுத்தவில்லை.

இன்றைக்கும் நீங்கள் வெள்ளேரிக் குடியிருப்பின் டி பிளாக்குக்குப் போய் எந்தக் கதவைத் தட்டினாலும், அநேகமாக வீட்டு வாரியத்தின் சீட்டில் இருக்கும் பெயர்க்காரர் வந்து திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டால் யாரும் நேராகச் சொல்லவும் மாட்டார்கள். அதை இந்தக் கோழியிலிருந்துதான் சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

கால்வாய்க்கரையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி, நகரம் முடிந்து, நகரத்தின் குப்பை முடிந்து, பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தமும் முடிந்து, ஏரியாக இருந்த இடத்தில் எழுப்பிய கட்டடங்களுக்கு முன்னால் இறக்கிவிட்டபோது, யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் கைவிட்டு ஏழாவது மாடிச் சீட்டை எடுத்தது கோமளாவேதான். உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடித்த டில்லிபாபு, சாரம் முறிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செத்துப்போய், அப்போது அவள் பக்கத்தில் ஒரு கள்ளிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவள் சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். அதைப் பக்கெட்டிலேயே திரும்பப் போட்டுவிட முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றார்கள்.

டி பிளாக் ஒல்லியான கட்டடம், மாடிக்கு இரண்டே வீடு. கோமளாவின் எதிர்வீட்டுச் சீட்டு விழுந்தவர்கள் ஏழு மாடி ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனவர்கள்தான், திரும்பவில்லை. லிஃப்ட் என்று தரையில் ஒரு இரும்புக் கூண்டு இருந்தது. அதில் சைக்கிள் நிறுத்தினார்கள். படிக்கட்டு எவ்வளவு குறுகலென்றால், நாலாவது மாடியில் ஒருவர் இறந்தபோது பாடை திரும்பாமல், பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டித்தான் இறக்கினார்கள். டில்லிபாபுவை முதல் நாள் தூக்கிக்கொண்டு ஏறிய இரண்டு பேர் மூன்றாவது மாடித் திருப்பத்தில் கை நழுவவிட்டார்கள். படியில் உருண்டு, எல்லார் முன்னாலும் கால்சட்டை நனைந்து கிடந்தவன், இனி எவன் கையும் என்மேல் படக்கூடாது என்று சொன்னான். கோமளா அவனை முதுகில் கட்டி இழுத்து மிச்ச மாடிகளை ஏற்றினாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவன் தரையைப் பார்க்கவில்லை. அவள் அரைத்தூக்கம் தூங்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு கைக்குள் கசங்கிக்கொண்டே இருந்தது.

பிறகுதான் கட்டடம் நகர்ந்தது. ஒரு நாள் விடியலில், பால் பாக்கெட் வருகிற நேரத்தில், யாரோ அம்மியை இழுத்துத் தள்ளிவைப்பது போல ஒரு சத்தம் கேட்டது. தரைவீட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த ஏகாம்பரம் கடைக் கதவைத் திறந்தபோது எதிரே வானம் இருந்தது, பீடி கேட்க இரண்டு காக்கைகள்தான் வந்து நின்றன. தரைவீடு உச்சிக்குப் போயிருந்தது, முதல் மாடி தரைக்கு வந்திருந்தது, மற்றவை எல்லாம் ஒவ்வொரு படி இறங்கியிருந்தன. மறுநாள் விடியலில் இரண்டாவது மாடி தரைக்கு வந்தது. ஏகாம்பரம் கூச்சல் போட்டுக் கூட்டம் கூட்டினார். கைப்பம்பைச் சுற்றி எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில், ஆறாவது மாடி பிரிசில்லாதான், அப்போது அவளுக்கு மாதம் நான்கோ ஐந்தோ, சலிப்பாகச் சொன்னாள்: "இதுல இன்னா இருக்கு பாக்கறதுக்கு? லைன் நகருது. அவ்ளோதான்."

அதற்குமேல் யாரும் ஆச்சரியப்படவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றே வளர்ந்தவர்கள் அவர்கள். கால்வாய்க்கரையில் ஒருத்தி குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனால் அந்தக் குடம்தான் அவள். அடுத்தவள் குடத்தை யாரும் தொடமாட்டார்கள், அடிதடி நடந்தாலும் தொடமாட்டார்கள். தண்ணீர் பிடித்தவள் குடம் கடைசிக்குப் போகும். பிள்ளைப்பேறு, சாவு என்று அவசரம் வந்தால், முதல் குடத்துக்காரி மனசு வைத்துத் தன் இடத்தைத் தரலாம். தந்தால், வாங்கியவள் எங்கே நின்றாளோ அந்த இடத்துக்கு இவள் போக வேண்டும், இடையில் நிற்கிற யாருக்கும் நஷ்டம் கிடையாது. தர மாட்டேன் என்றாலும் யாரும் ஏசக்கூடாது. வாங்கிய இடத்தைப் பிற்பாடு திருப்பித் தந்தாக வேண்டும். இவ்வளவுதான் சட்டம். டி பிளாக் காம்பவுண்டு ஓரமாக மாடிக்கு ஒரு குடம் வைத்தார்கள், விடிந்ததும் முதல் குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்தார்கள். குடத்தைப் பார்த்துக் கட்டடம் நகர்ந்ததா, கட்டடத்தைப் பார்த்துக் குடம் நகர்ந்ததா என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை; எல்லாருக்கும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படியாக டில்லிபாபுவுக்கு முறை வைத்துத் தரை வந்தது. கோமளா பேரிங் வைத்த பலகை வண்டி ஒன்று வாங்கினாள், கட்டிலிலிருந்து அவனை அதில் சரித்து வெளியே தள்ளிவிடுவாள். அவன் கைப்பம்பைச் சுற்றி வருவான், டீக்கடைக்குப் போவான், யார் வீட்டு விவகாரத்திலும் தலையிடுவான். பழைய டப்பாக்களில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டைக் குழைத்து, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்துக்கு வெளிச்சுவரில் அடிப்பான். மறுநாள் அந்த நீலப் பட்டை அவனோடு உச்சிக்குப் போய்விடும், அடுத்த முறை இறங்கி வரும்போது அவன் விட்ட இடத்திலிருந்து அடிப்பான். ராத்திரியில் அவன் குறட்டை விட ஆரம்பித்தான். அது கேட்டுக் கோமளாவும் தூங்கினாள்.

மழைக்காலம் வருவதற்குள் வாரியத்திலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, நல்ல சட்டை, கட்டடத்தைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார்.

"இது கட்டடம், ராட்டினம் இல்ல" என்றார்.

"ராட்டினத்துலயாவது இறக்கி வுடுவான் சார்" என்றார் ஏகாம்பரம்.

நாலு மூலையிலும் ஆளுயரத் திருகாணி இறக்கிக் கட்டடத்தை நிறுத்தப்போவதாக உத்தரவு. நிறுத்துகிற அன்றைக்கு எந்த மாடி கீழே இருக்கிறதோ அது என்றைக்கும் கீழே, எது மேலே இருக்கிறதோ அது என்றைக்கும் மேலே. இது தெரிந்த சாயங்காலத்திலிருந்து டி பிளாக்கில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறினார்கள். ஏகாம்பரம் கட்சி வட்டச் செயலாளரைப் பார்த்தார், இரண்டாவது மாடிக்காரர்கள் சங்கத்தைப் பார்த்தார்கள், நாலாவது மாடியில் தங்கள் வீடே கீழே நிற்க வேண்டும் என்று ஒரு நேர்த்திக்கடன். ஆனால் இஞ்சினியர் அளவெடுக்க வந்தது ஒரு மதியானம். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள், வீட்டிலேயே கூலிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கோமளா மட்டும் இருந்தாள்.

"ஏம்மா, ஆட்டம் இல்லாத நாளாப் பாத்துதான் ஆணி இறக்கணும். எந்த மாடி கீழ இருக்கும்போது கட்டடம் அசையாம நிக்குது?"

கோமளா கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தாள்.

"ஏழாவது மாடி, சார். அன்னிக்கு டம்ளர்ல தண்ணி வெச்சாக்கூடத் தளும்பாது."

அது பொய். எல்லா மாடிக்கும் ஒரே ஆட்டம்தான். இஞ்சினியர் எழுதிக்கொண்டு போனார். அவள் அன்று மூட்டை முழுவதையும் உரித்தாள், விரல் எரிவதுகூடத் தெரியவில்லை.

நிறுத்துகிற தேதியை ஒட்டியதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏழாவது மாடி தரையில் நிற்கும்போது முந்தின நாள் தரையில் நின்ற ஆறாவது மாடி உச்சியில் இருக்கும், அதாவது பிரிசில்லாவின் வீடு. பிரிசில்லாவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். அவள் கோமளாவின் வாசலில் வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் கோமளாக்கா, உன் டம்ளரு மட்டும்தான் தளும்பலியா?"

"நான் ரெண்டு வருசம் ஏறலியா பிரிசில்லா?"

"ஏறுன. உன்ன சீட்டு ஏத்துச்சு. என்னை நீ ஏத்துற."

அன்றிலிருந்து யாரும் அவளிடம் உப்புக்கூடக் கேட்கவில்லை. குடத்தை மட்டும் யாரும் தொடவில்லை, அது சட்டம். டில்லிபாபுவும் கேட்டான், நீ சொன்னது நிஜமா என்று. நிஜம்தான் என்றாள். அவன் நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அந்தத் தரை அவனுக்கும் வேண்டியிருந்தது.

நிறுத்துகிற நாள் விடிந்தது. ஏழாவது மாடி தரைக்கு வந்தது, கோழி வந்தது, பின்னாலேயே கிரேன் வந்தது. மூலைகளில் ஆணிகளை நட்டு நிறுத்தி, சூரியன் உச்சிக்கு வரும்போது திருகுவதாகச் சொன்னார்கள். டில்லிபாபு வண்டியில் உட்கார்ந்து நீலப் பட்டையின் கடைசி முழத்தை அடித்துக்கொண்டிருந்தான். கோமளா வாசலிலேயே நின்றாள், உள்ளே போனால் வீடு ஓடிவிடும் என்பது போல.

கத்தல் மேலேயிருந்து வந்தது. முதலில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தார்கள். பிரிசில்லாவின் புருஷன் ஜோயல் ஏழு மாடியும் உருண்டும் புரண்டும் இறங்கி வந்தான், ஆம்புலன்ஸ் வந்தது, ஸ்ட்ரெச்சரோடு ஏறினவர்கள் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்கள். குழந்தையின் கால் முன்னால் வந்துவிட்டது, அவளை உட்காரவைக்கக் கூடாது, நடக்கவைக்கவே கூடாது, படுத்தபடி இறக்க வேண்டும், இந்தப் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது.

"நேத்துன்னா தரையில இருந்திருப்பா" என்றான் ஜோயல். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு காம்பவுண்டு ஓரத்தில் குடங்களின் பக்கத்தில் போய் நின்றான். எதையும் தொடவில்லை.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோமளா. மொதக் குடம் உன்னுது. உன் இஷ்டம்தான், யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவர்கள் ஏதாவது திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும், எதிர்த்துக் கத்திவிட்டு வாசலிலேயே நின்றிருப்பாள். மேலே கத்தல் நின்று, மறுபடி ஆரம்பித்தது. கோமளா டில்லிபாபுவிடம் போனாள்.

"நான் இடத்தைக் குடுத்துட்டா, இவங்க ஆணியத் திருகிடுவாங்க" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் நம்ம வூடு மேலதான். எப்பவும்."

"தெரியும்டி. என்னை ஏன் கேக்குற?" அவன் பிரஷ்ஷை டப்பாவுக்குள் போட்டான். "வேணாம்னு சொல்லவும் என்னால முடியல, சரின்னும் சொல்ல முடியல. நீ போ. என்னைக் கேக்காம பண்ணு."

சொல்லிவிட்டு, சுவர் நகரும்போது இடிக்காமல் இருக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். அவன் வண்டியைத் தள்ளியதைப் பார்த்த பிறகுதான் கோமளாவுக்குக் கால் வந்தது. போனாள், தன் மஞ்சள் குடத்தை எடுத்தாள், வரிசையின் கடைசிக்குச் சுமந்துபோய் வைத்தாள், அங்கிருந்த பிரிசில்லாவின் பச்சைக் குடத்தை எடுத்துவந்து முதலில் வைத்தாள். குடம் மண்ணில் உட்கார்ந்ததும் அம்மி இழுபடும் சத்தம் எழுந்தது. நீலப் பட்டை அவள் கண் முன்னாலேயே எழும்பி, ஒவ்வொரு மாடியாகத் தாண்டி, உச்சிக்குப் போய் நின்றது. கோழியும் கூடவே போனது. ஆறாவது மாடி வந்து தரையில் இறங்கியது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரையில் பிரிசில்லா வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போய், நேராக வெளியே வந்தது. கடந்து போகும்போது அவள் கோமளாவைப் பார்த்தாள், ஆனால் வாயில் துண்டு இருந்தது.

"திருகுங்க" என்று இஞ்சினியர் அலறினார். "இப்பவே திருகுங்க."

"சார், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி போயிட்டா, நாங்க மறுபடி மாத்திக்கிறோம்" என்றாள் கோமளா.

"ஏம்மா, என் கண்ணு முன்னாடியே நகருது, இன்னொரு தரம் நகந்தா யாரும்மா பதில் சொல்றது?"

நாலு மூலையிலும் திருகினார்கள். கட்டடம் ஒரு முறை முனகியது. மறுநாள் விடியலில் பால் பாக்கெட் வந்தது, சத்தம் வரவில்லை.

டில்லிபாபு மேலே போகவில்லை. நான்கு பேர் வந்து தூக்குகிறோம் என்றார்கள். கிட்டே வந்தால் பெயிண்ட் டப்பாவை எடுத்து எறிந்தான். லிஃப்ட் கூண்டிலிருந்த சைக்கிள்களை வெளியே எடுத்துவிட்டு அதற்குள் பாய் போட்டுப் படுத்துக்கொண்டான். கோமளா சோற்றைச் சுமந்து ஏழு மாடி இறங்கினாள், வெறும் தட்டைச் சுமந்து ஏழு மாடி ஏறினாள். மழை வந்தது, கூண்டுக்குள் தண்ணீர் வந்தது, அவன் பலகை வண்டிமேல் உட்கார்ந்தே தூங்கினான். மேலே அவளுக்குத் தூக்கம் இல்லை. கம்பி வழியாகக் கீழே பார்த்தால் அவன் தெரியமாட்டான், அவன் பீடியின் புகை மட்டும் கூண்டிலிருந்து வெளியே வரும். இரண்டு பேரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். செய்தது தப்பு என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, ஆனால் அது அவளுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

பிரிசில்லா பெண் குழந்தையோடு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் தரையிலிருந்த தன் வீட்டுக்குள் போகவில்லை. காம்பவுண்டு ஓரத்துக்குப் போனாள். ஆணி இறக்கிய நாளிலிருந்து குடங்கள் வைத்தது வைத்தபடியே, மழைத்தண்ணீர் நிரம்பி நின்றன. தன் பச்சைக் குடத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கடைசிக்குக் கொண்டுபோய் வைத்தாள், மஞ்சள் குடத்தைக் கொட்டி முதலுக்குக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல் இழுக்க இழுக்க, மாடிக்கு மாடி உட்கார்ந்து எழுந்து, ஏழு மாடியும் ஏறிக் கோமளாவின் கதவைத் தட்டினாள்.

"வாங்குன எடத்தத் திருப்பித் தரணும்ல. பாயச் சுருட்டிக்கினு எறங்கு. நான் இங்க இருக்கேன்."

"கட்டடம் நின்னுடுச்சேடி."

"கட்டடம்தான நின்னுச்சு. நமக்கு இன்னா, காலு இல்லியா?"

கோமளா அழுதாள். அழுதுகொண்டே பாயைச் சுருட்டினாள், அடுப்பை எடுத்தாள், கோழியை இடுக்கிக்கொண்டாள். அன்று பகலும் இரவும் தரைவீட்டில் கட்டிலில் டில்லிபாபு படுத்தான். காய்ந்த இடம், தரை, கதவைத் திறந்தால் மண். அவன் பேசவில்லை, ஆனால் அவள் போட்ட டீயைக் குடித்தான்.

விடியலில் கதவுக்கு வெளியே ஆள் அரவம் கேட்டது. திறந்தாள். முதல் மாடியில் இருந்த ஏகாம்பரம் தன் கடைச் சரக்கைப் பெட்டியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில், மாடிக்கு மாடி, எல்லாரும் பாயும் பாத்திரமும் பிள்ளைகளுமாக நின்றார்கள். எல்லாருக்கும் மேலே எங்கேயோ பிரிசில்லாவின் குழந்தை அழுதது. ஒரு வீடு காலியானால் எல்லாரும் ஒரு படி இறங்கலாம். காலியாக வேண்டிய வீடு கோமளாவுடையது. தண்ணீர் பிடித்தவள் கடைசிக்குப் போக வேண்டும். கடைசி என்றால் உச்சி.

யாரும் அவசரப்படுத்தவில்லை. யாரும் கட்டிலைப் பார்க்கவில்லை. முதல் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அதையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோமளா நடுவாசலில் நின்றாள். இந்த முறை அவள் அவனைக் கேட்கவில்லை.

டில்லிபாபு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். திறந்த கதவு வழியாக மண்ணை ஒரு தரம் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் தூக்கினான்.

"இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிறீங்க? வந்து தூக்குங்கடா. லைன் நிக்குதுல்ல."

ஜோயலும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அவர்கள் கை பட்டதும் அவன் உடம்பு விறைத்தது. பிறகு அவன் ஜோயலின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட, அவன் அவர்களைத் தாண்டித் தாண்டி மேலே போனான். கோமளா மஞ்சள் குடத்தை எடுத்துக்கொண்டு காம்பவுண்டு ஓரமாக நடந்துபோய், வரிசையின் கடைசியில், பச்சைக் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டு நிமிரும்போது, மூன்றாவது மாடித் திருப்பத்திலிருந்து அவன் குரல் கேட்டது.

"இங்கதான்டா போன தபா என்னைப் போட்டானுங்க. மெதுவாத் திரும்புங்க."